கேக்கில் தேதி பார்த்தவர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த நம் திருவண்ணாமலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: ‘சில்க்சாங் ரசிகர்கள் கேக் படத்தை வைத்துத் தேதி கண்டுபிடித்தார்களாமே, நிஜமா சார்?’

நிஜம்தான் தம்பி. ‘ஹாலோ நைட்’ என்ற வீடியோ விளையாட்டு 2017இல் வந்து சக்கைப்போடு போட்டது. அடுத்த பாகமான ‘சில்க்சாங்’கை, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சிறு குழு 2019 பிப்ரவரியில் அறிவித்தது. போகப்போகக் குழுவினர் வாயே திறக்கவில்லை. ரசிகர்கள் துப்பறியக் கிளம்பினார்கள்.

அதற்கு முறைகள் உண்டு. ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு விளையாட்டின் பதிவில் எது மாறினாலும் ஸ்டீம்டிபி தளம் காட்டிக்கொடுத்துவிடும். கொரியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் வயதுச் சான்றுப் பட்டியலில் பெயர் வந்தால் அதுவும் துப்பு. எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் செண்பகத்தோப்புக்கு மேல் இறங்கும் மேகத்தைப் பார்த்து மழை சொல்வார்கள். மேகம் பொய்யில்லை, அது நம் காட்டில் பெய்யுமா என்பதுதான் சந்தேகம்.

கேக் கதைக்கு வருவோம். 2025 ஜனவரியில் குழுவை நிறுவியவர்களில் ஒருவரான வில்லியம் பெல்லன், எக்ஸ் தளத்தில் தன் முகப்புப் படத்தை சாக்லேட் கேக்காக மாற்றினார். பெரிதாக ஏதோ வருகிறது என்று ஒரு வரியும் போட்டார். படத்தின் மூலத்தைத் தேடிப்போனவர்கள் ஒரு சமையல் குறிப்பில் போய் நின்றார்கள். அது வெளியான நாள் 2024 ஏப்ரல் 2. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவிக்கான நிகழ்ச்சியோ 2025 ஏப்ரல் 2. போதாதா! அன்றைய நிகழ்ச்சியில் சில்க்சாங் கண்ணில் பட்டு மறைந்தது, ‘2025’ என்ற ஆண்டோடு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பதே என் கட்சி.

குழுவினர் ஆகஸ்ட் 21இல்தான் வெளியீட்டுத் தேதி சொன்னார்கள். செப்டம்பர் 4இல் விளையாட்டு வந்தது. வாங்க வந்த கூட்டத்தில் இணையக் கடைகள் திணறின. ஏன் இத்தனை வருடம்? செய்யச் செய்யப் பிடித்திருந்தது, சேர்த்துக்கொண்டே போனோம் என்றார்கள். சண்டையும் இல்லை, சிக்கலும் இல்லை.

கோமாளி வேடம் கட்டித் தங்களையே கேலி செய்துகொண்ட ரசிகர்களை எனக்குப் பிடிக்கும். ‘உறுதியான தகவல்’ என்று தலைப்புப் போட்டு இல்லாத செய்தியை விற்கும் சேனல்களைத்தான் சகிக்க முடியவில்லை. ஆசையைக் காசாக்குகிறார்கள், கடைசியில் திட்டு வாங்குவது வேலை செய்பவன். அந்த வீடியோக்களைத் தயவுசெய்து பகிராதீர்கள்.

சில்க்சாங் ரசிகர்களுக்கெல்லாம் மூத்தவர்கள் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டின் ரசிகர்கள். அந்த விளையாட்டின் கதை 2007இல் அந்தரத்தில் நின்றது. 2017இல் கதாசிரியர் மார்க் லெய்ட்லா பாத்திரங்களின் பெயரை மாற்றி, மீதிக் கதையைத் தன் தளத்தில் எழுதியே போட்டுவிட்டார். அதற்குப் பிறகும் துப்பறிவதை ரசிகர்கள் விடவில்லை.