பசுவுக்குள்ளே கை, பால்கோவாவுக்குத் தடை!

கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளை ஜெர்மனிக்குப் படிப்புப் பயணம் போகிறது என்றால் வீட்டில் என்ன நடக்கும்? அம்மா நெய் உருக்குவார். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு ஆள் அனுப்புவார். கொஞ்சம் பொறுங்கள்! இரண்டுமே ஜெர்மன் சுங்கத்தைத் தாண்டாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரக் கூடாது. ஆனால் குடல் நீக்கிய மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. நெய்க்குத் தடை, கருவாட்டுக்கு வரவேற்பு! பக்கத்து இருக்கைக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு கதை.

இந்தக் கெடுபிடிக்கு முக்கியக் காரணம், நம் ஊர் மாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கோமாரி. ஜெர்மனியில் 1988க்குப் பிறகு அந்த நோயே இல்லாமல் இருந்தது. 2025 ஜனவரியில், பெர்லினை ஒட்டிய பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஒரு நீரெருமை மந்தையில் அது தலைகாட்டியது. அவ்வளவுதான், மந்தையையே அழித்தார்கள். பல நாடுகள் ஜெர்மன் இறைச்சியையும் பாலையும் வாங்க மறுத்தன. எங்கோ ஒரு பண்ணையில் நாலைந்து எருமைகளுக்கு வாயில் புண் வந்தால் ஏற்றுமதியே ஆட்டம் காணும் தேசம் அது. இதைப் புரிந்துகொண்டுதான் பயணத்தையே தொடங்க வேண்டும்.

தீவுக்குக் குடிபோன ஆய்வுக்கூடம்

கோமாரி ஒரு வைரஸ் நோய் என்று உலகம் அறிந்ததும் ஜெர்மானியர்களால்தான். ஃப்ரீட்ரிஷ் லோஃப்லரும் பவுல் ஃப்ரோஷும் 1898இல் அதைக் கண்டுபிடித்தார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களில் முதலில் சிக்கியது இதுதான். லோஃப்லர் கிரைஃப்ஸ்வால்ட் ஊரில் ஆராய்ச்சியைத் தொடர, சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கு நோய் பரவியது. அரசு தடை போட்டது. அவர் விட்டாரா? 1910இல் பால்டிக் கடலோரத்தில் ரீம்ஸ் என்ற குட்டித் தீவுக்கு ஆய்வுக்கூடத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்! உலகின் மிகப் பழைய வைரஸ் ஆய்வு நிலையம் அது. இன்றைக்கு அங்கே உச்சகட்டப் பாதுகாப்புத் தொழுவங்கள் இருக்கின்றன. விண்வெளி வீரர் மாதிரி காற்றுக்குழாய் பொருத்திய உடையை மாட்டிக்கொண்டு மாட்டுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். உலகில் இப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

முதல் நோயாளி ஒரு பொம்மை

சரி, மாணவர்கள் கூடும் இடத்துக்கு வருவோம். ஜெர்மனி முழுக்கவே கால்நடை மருத்துவம் கற்பிக்கும் இடங்கள் ஐந்துதான்: ஹானோவர், பெர்லின், மியூனிக், லைப்சிக், கீசென். இவற்றில் ஹானோவர் மட்டும் இன்றும் தனிப் பல்கலைக்கழகம். 1778இல் குதிரை வைத்தியப் பள்ளியாக இதைத் தொடங்க ஆணையிட்டவர் யார் தெரியுமா? இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ்! ஹானோவருக்கும் அன்று அவர்தான் அதிபதி. படைக்குக் குதிரை வேண்டும், குதிரைக்கு வைத்தியர் வேண்டும். ஆண்களின் கோட்டையாகத் தொடங்கிய இந்தப் படிப்பில், இன்று ஜெர்மனியில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள்.

ஹானோவர் வளாகத்துக்குள் நுழைந்ததும் கருவிகள் பளபளக்கும் அறுவை அரங்குக்கு ஓடத் தோன்றும். வேண்டாம். முதலில் 2013இல் திறந்த செய்முறைப் பயிற்சிக்கூடத்துக்குப் போங்கள். அங்கே ஆளுயரப் பசு நிற்கிறது; பொம்மை! பின்னால் கையை விட்டுச் சினைப் பரிசோதனை பழகலாம். இன்னொரு பொம்மைப் பசுவின் வயிற்றில் பொம்மைக் கன்று குறுக்கே கிடக்கும். காலைத் தேடிப் பிடித்து, கயிறு மாட்டி, திருப்பி இழுக்க வேண்டும். வெளியே டிசம்பர் குளிராக இருந்தாலும் உள்ளே வியர்த்து வழியும். பக்கத்து மேசையில் ஒரு பெண் செயற்கைத் தோலில் தையல் போட்டுப் பிரித்து, மறுபடி போட்டுக்கொண்டிருப்பார். நாய் பொம்மையின் தொண்டைக்குள் சுவாசக் குழாய் செலுத்த இன்னொருவர் முயன்றுகொண்டிருப்பார். தப்பு செய்தால் யாருக்கும் வலிக்காது, எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். உயிருள்ள மாடு, மாணவரின் பதற்றத்தைத் தாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டதல்ல என்பதுதான் இந்த அறையின் தத்துவம்.

வயிற்றில் ஒரு ஜன்னல்

அடுத்து நிஜத் தொழுவம். இங்கே ஒரு பசுவின் இடது விலாவில் வட்ட மூடி இருக்கும். திறந்தால் முதல் வயிறு! தோள் வரை நீளும் கையுறை மாட்டிக் கையை விட்டால் உள்ளே கதகதவென்று இருக்கும், பிசையப் பிசைய நகரும். பசுவோ கண்டுகொள்ளாமல் தீனி மென்றுகொண்டிருக்கும். இந்த வயிற்றுச் சாற்றை எடுத்து, பசி செத்துப்போன வேறொரு மாட்டுக்குப் புகட்டினால், அதன் வயிற்றில் நுண்ணுயிர்கள் மீண்டும் வேலையைத் தொடங்கும். ஒரு மாடு இன்னொரு மாட்டுக்கு மருந்து!

அதைவிட வேடிக்கை நான்காம் வயிறு. கன்று போட்ட கையோடு பால் வெள்ளமாய்ச் சுரக்கும் ஹோல்ஸ்டைன் பசுக்களில் அது காற்று நிரம்பி, மிதந்து, இடப்பக்கம் ஏறிக்கொள்ளும். விலாவில் விரலால் சுண்டி ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால், வெண்கலப் பாத்திரம் தட்டின மாதிரி ‘டிங்’ என்று ஒலிக்கும். அதை முதன்முதலில் கேட்கும் மாணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிகிச்சை முறைகளில் ஒன்றுக்கு ‘ஹானோவர் முறை’ என்றே பெயர். மாட்டைப் படுக்க வைப்பதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, நின்ற நிலையிலேயே வலது விலாவைத் திறப்பார்கள். மருத்துவர் கையை வயிற்றைச் சுற்றி இடப்பக்கம் வரை விட்டு, தப்பிப்போன வயிற்றை இழுத்து வந்து தைத்துக் கட்டுவார். நீளமான கை உள்ளவர்களுக்கு அங்கே தனி மவுசு.

நம் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க மட்டும் போகவில்லை. சென்னை வேப்பேரி கல்லூரியில் 2019 அக்டோபரில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். ஜெர்மனியில் கம்பியும் ஆணியும் விழுங்கிய மாடுதான் பாடம். பிளாஸ்டிக் மூட்டை சுமக்கும் மாட்டைப் பற்றிச் சொல்ல நம்மிடமே நிறைய இருக்கிறது.

கத்தியும் கடலும்

ஜெர்மனியின் பதினொரு அரையாண்டுப் படிப்பில் வகுப்புக்கு வெளியே 1170 மணி நேரச் செயல்முறைப் பயிற்சி கட்டாயம். பண்ணை, மருத்துவமனை, அரசு அலுவலகம் எல்லாம் அதில் அடக்கம். இதில் 100 மணி நேரம் இறைச்சிக்கூடத்தில்! ‘நான் சுத்த சைவம்’ என்று நழுவ முடியாது. கம்பிவலைக் கையுறை மாட்டி, நிணநீர்க் கட்டிகளை வெட்டிப் பார்த்து, இது மனிதர் உண்ணத் தக்கதா என்று தீர்மானிக்கப் பழக வேண்டும். பன்றி இறைச்சியில் ட்ரிக்கினெல்லா புழுவைத் தேடும் வழக்கத்துக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே வாதாடியவர் பெர்லின் மருத்துவ மேதை ருடால்ஃப் விர்ஷோ. பலரை அழ வைப்பதும் இந்த மணி நேரங்கள்தான், தொழிலின் பொறுப்பைப் புரிய வைப்பதும் இவைதான்.

மனதை மாற்ற வடகடலோர பியூசும் ஊருக்குப் போகலாம். ஹானோவர் பல்கலைக்கழகத்தின் காட்டுயிர், கடல்வாழ் விலங்கு ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது. நோயாளிகள் சீல்களும் கடற்பன்றிகளும். பெரும்பாலும் இறந்த பிறகுதான் வருவார்கள். ஏன் செத்தது என்று கண்டுபிடிப்பதே வேலை. 2016 தொடக்கத்தில் வடகடல் கரைகளில் எண்ணெய்த் திமிங்கிலங்கள் வரிசையாக ஒதுங்கின. ஒன்றின் வயிற்றில் 13 மீட்டர் மீன்வலை, இன்னொன்றில் கார் இஞ்சினின் பிளாஸ்டிக் மூடி. அதே ஜனவரியில்தான் நம் திருச்செந்தூர், மணப்பாடு கரைகளிலும் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. அந்தக் கரைக்கும் கடல் விலங்கை அறுத்துப் படிக்கத் தெரிந்த கைகள் தேவை.

பெர்லினில் ஒரு மாலை மிச்சமிருந்தால் 1790இல் முடிந்த விலங்கு உடற்கூறு அரங்கைப் பாருங்கள். பிராண்டன்பர்க் வாயிலை வடிவமைத்த லாங்ஹான்ஸ் கட்டியது. கீழ்த்தளத்திலிருந்து குதிரைப் பிணத்தை அப்படியே அரங்கின் நடுவே தூக்கிக் கொண்டுவர அந்தக் காலத்திலேயே தூக்குப்பொறி வைத்திருந்தார்கள்!

போகிறவர்களுக்கு

இத்தனையிலும் நாம் எடுத்து வரத்தக்கவை இரண்டு. ஒன்று பொம்மைப் பசு, இன்னொன்று கால் கழுவும் பழக்கம். ஒவ்வொரு தொழுவ வாசலிலும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவாமல் பேராசிரியரே உள்ளே போக மாட்டார். பல பன்றிப் பண்ணைகளில் குளித்து, அவர்கள் தரும் உடைக்கு மாறிய பிறகுதான் அனுமதி. இரண்டுக்கும் கோடிகள் வேண்டாம். எந்தக் கல்லூரியும் அடுத்த மாதமே தொடங்கலாம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இளநிலை வகுப்புகள் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். ஹானோவரில் ஆங்கிலத்தில் ஆய்வுப் பட்டம் உண்டு. எதுவானாலும் மாட்டுக்காரரிடம் நாலு வார்த்தை பேசுமளவு ஜெர்மன் கற்றுக்கொள்ளுங்கள். ரேபிஸ் தடுப்பூசியை முடித்துவிடுங்கள். ஊரில் தொழுவத்துக்குப் போன செருப்பைப் பெட்டியில் வைக்காதீர்கள். பால்கோவாவை விமானம் ஏறும் முன்பே சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.