விரை வீக்கமும் காசநோயும்



காசநோய் என்றதும் நம் நினைவு மார்பையே நாடுகிறது. இருமலும் சளியும் இல்லாதவனுக்கு அந்நோய் ஏது என்று கேட்போர் பலர். ஆயின், 1882-ல் இராபர்ட் காக் கண்டறிந்த அக்கிருமி, இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தையும் ஆண்களின் பிறப்புறுப்புகளையும் அடைந்து, ஆண்டுக்கணக்கில் அடங்கியிருந்து பின்னர்த் தலையெடுக்க வல்லது.

பெரும்பாலும் அது முதலில் பற்றுவது, விரையின் பின்புறம் ஒட்டிக்கிடந்து விந்தைக் கொண்டுசெல்லும் சுருள்நாளத்தை. அதிலும் அதன் வால்பகுதியை. ஆங்கே கெட்டியான வீக்கம் மெல்ல வளரும், வலி சொற்பமே. வெட்கத்தால் வீட்டில் சொல்லார். வெளிமாநிலத்தில் மொழியும் தடையாகவே, மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை விழுங்குவோர் உண்டு. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவன. வீக்கம் சற்றுத் தணியும். நோயோ உள்ளே நிலைத்திருக்கும். இருபுற நாளங்களும் அடைபட்டால் மகப்பேறே அரிதாகிவிடும்.

செவிக்கெட்டாத ஒலியலைகளால் படமெடுக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி இங்கே பெருந்துணை. கதிர்வீச்சில்லை, ஊசியில்லை. திசுக்களில் பட்டு மீளும் எதிரொலியே படமாகிறது. சாதாரணக் கிருமிகளால் நேர்ந்த அழற்சியெனில், நாளம் பெரும்பாலும் ஒரே சீராகக் கருத்துப் பருத்திருக்கும். டாப்ளர் முறையில் நோக்கின் இரத்த ஓட்டம் மிகுந்து தோன்றும். காசநோயிலோ அது முண்டும் முடிச்சுமாய், கருமையும் வெண்மையும் விரவித் தெரியும். இரத்த ஓட்டம் அத்துணை மிகாது. சுண்ணப் படிவு, சுற்றிலும் நீர்க்கோவை, தோல்வரை ஓடும் சீழ்ப்புழை ஆகியனவும் தென்படலாம். விரைக்குள்ளேயே சிறுசிறு கரும்புள்ளிகள் சிதறியிருப்பின், நோய் அங்கும் பரவியதென ஐயுறுவர்.

எனினும் படம் ஐயத்தை எழுப்புமேயன்றித் தனித்து முடிவுகூற இயலாது. புற்றுக்கட்டியும் சிற்சில வேளைகளில் இவ்வாறே தோன்றும். புற்றெனக் கருதி விரையை அகற்றியபின் காசநோயெனத் தெளிந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பல உள. ஆதலால் மூன்று நாள் விடியற்காலைச் சிறுநீர், மார்பு எக்ஸ்-ரே, தேவைப்படின் நாளத்து வீக்கத்திலிருந்து நுண்ணூசியால் எடுத்த திசு ஆகியவற்றையும் சோதிப்பர்.

நோய் உறுதியானால் வழக்கமாக ஆறு மாத மருந்து. அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் அது இலவசம். பணி நிமித்தமோ விடுமுறைக்கோ ஊர் மாறுவோர், தம் ‘நிக்ஷய்’ பதிவெண்ணைக் காட்டி, செல்லுமிடத்து அரசு மருத்துவ நிலையத்திலேயே சிகிச்சையைத் தொடரலாம். இடையில் நிறுத்துதல் ஆகாது. முன்னர்த் தமக்கோ வீட்டாருக்கோ இந்நோய் இருந்திருப்பின், அதை மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிடுக. டி.பி. என்ற இரண்டெழுத்து எம்மாநிலத்திலும் விளங்கும்.