புது பொன்னியா, பழைய பொன்னியா? குழம்பைப் பார்த்து வாங்குங்க!

திருச்சியிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டி துறையூர் சாலையில் போனால் மண்ணச்சநல்லூர். நெல் அவிக்கிற வாசனையே ஊரை அடையாளம் காட்டிவிடும். அரிசி ஆலைகளுக்குப் பேர்போன இந்த ஊரின் பெயர், 'மண்ணச்சநல்லூர் பொன்னி' என்று மூட்டை மூட்டையாக வெளியூர் மளிகைக் கடைகளுக்கும் போகிறது.

இத்தாலியின் பீட்மான்ட் பகுதியிலும் இப்படி ஓர் ஊர் உண்டு. பெயர் ஆர்போரியோ. அந்தப் பெயரில் ஓர் அரிசியே இருக்கிறது. அதை வெண்ணெயில் வதக்கி, கொஞ்சம் வெள்ளை ஒயின் விட்டு, சூப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறினால் ரிசோட்டோ. நம்ம வெண்பொங்கலுக்குத் தூரத்துச் சொந்தம்! அதே பீட்மான்ட்டில் 'காவி' என்றொரு வெள்ளை ஒயினும் உண்டு. லேசான புளிப்பு இருப்பதால் மீனுக்கும் கோழிக்கும்தான் அதை வைப்பார்கள். காரசாரமான ஆட்டுக்கறிக்கு வைக்க மாட்டார்கள். எதற்கு எது சேரும் என்பதில் அவ்வளவு கறார்.

நம் வீட்டில் ஒயினுக்கு வேலையில்லை. ஆனால், அந்தக் கறாரை அரிசியில் காட்டினால் பாதி சண்டை குறையும்.

காவி ஒயினைப் பெரும்பாலும் இளசாகவே குடித்துவிடுவார்கள். பொன்னி நேர் எதிர். வயசு ஏற ஏறத்தான் மதிப்பு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி சம்பா பட்டத்துக்கு ஏற்ற ரகம். தை, மாசியில் அறுவடையாகி உடனே அரைத்து வருவது புது அரிசி. மாதக்கணக்கில் இருப்பு வைத்தால் அரிசியில் இருக்கும் ஸ்டார்ச் இறுகிவிடும். அதனால் பழைய அரிசி தண்ணீரை நிறைய இழுத்து, ஒட்டாமல் உதிரியாக மலரும். ஒரே அளவு அரிசிக்குச் சோறும் கூடுதலாகக் காணும். விலை கூடுதலாக இருப்பதும் அதனால்தான்.

போன வருஷம் பங்குனியில், விலை குறைவு என்று ஒரு கடையில் மூட்டையைத் தூக்கி வந்துவிட்டேன். வழக்கமான தண்ணீரை வைத்தால் களியாகக் குழைந்தது. 'அரிசியே சரியில்லை' என்று வீட்டில் தினமும் முணுமுணுப்பு. அது 26 கிலோ மூட்டை. 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவிகித ஜி.எஸ்.டி வந்த பிறகு, பல ஆலைகள் ஒரு கிலோ கூட்டி மூட்டை கட்டத் தொடங்கிவிட்டன. ஒருமுறை தப்பாக வாங்கினால் மாதம் முழுக்க அனுபவிக்க வேண்டியதுதான்.

என் மாமியார்தான் வழி சொன்னார். அரிசியைத் திட்டாதே, குழம்பை மாத்து என்று. குழைகிற புதுப் புழுங்கலரிசியைப் பருப்பு சாதமாக, சாம்பார் சாதமாகக் கிண்டினால் அமிர்தம். பல் முளைக்காத பேரனுக்கு நெய் விட்டுப் பிசைந்து ஊட்டவும், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கவும் அதுவே தோது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் பழைய சோறும் நன்றாக இருக்கும். தண்ணீரை மட்டும் வழக்கத்தைவிடக் குறைத்து வையுங்கள்.

வத்தக்குழம்பு, மீன்குழம்பு, ரசம் என்றால் பழைய அரிசிதான். குழம்பு ஒவ்வொரு பருக்கையையும் சுற்றிப் பிடிக்க வேண்டுமே! புளியோதரைக்கும் எலுமிச்சை சாதத்துக்கும் அப்படித்தான். குழைந்த சோற்றில் புளிக்காய்ச்சலைக் கலந்தால் துவையல் மாதிரி ஆகிவிடும். வெண்பொங்கலுக்கும் தயிர் சாதத்துக்கும் புதுப் பச்சரிசி போதும். இட்லிக்குப் பொன்னியை வீணாக்காதீர்கள். விலை குறைந்த குண்டு அரிசிதான் அதற்கு லாயக்கு.

பழைய அரிசி லேசாகப் பழுப்பேறியிருக்கும் என்பார்கள். நிறத்தை மட்டும் நம்பி நான் வாங்குவதில்லை. மூட்டை எடுப்பதற்கு முன் அரை கிலோ கேளுங்கள். ஒரு வேளை வடித்துப் பார்த்து, அன்றைக்கு ரசமும் வைத்துவிடுங்கள். தட்டில் ரசம் விட்டதும் பருக்கை தனித்தனியாக நின்றால் மூட்டைக்குச் சொல்லிவிடலாம்.