எட்டு நாட்களில் நான்கு திருப்பங்கள்: அமெரிக்க விளையாட்டுக்கு அக்டோபர் ஏன் உச்சக்கட்டம்?

புது தில்லி, அக். 28: அமெரிக்காவின் நான்கு முன்னணி லீக் தொடர்களில், 2024 அக்டோபர் 20 முதல் 27 வரையிலான எட்டு நாட்களுக்குள் ரசிகர்களை வியப்பில் ஆழ்த்திய நிகழ்வுகள் அடுத்தடுத்து அரங்கேறியுள்ளன.

இதற்குக் காரணம் போட்டி அட்டவணையே. மார்ச் இறுதியில் தொடங்கும் பேஸ்பால் பருவம், அக்டோபரில் 'உலகத் தொடர்' எனப்படும் இறுதிச்சுற்றை எட்டுகிறது. மகளிர் கூடைப்பந்துத் தொடரான டபிள்யூஎன்பிஏ நிறைவடையும் அதே வேளையில், ஆடவர் தொடரான என்பிஏ தொடங்குகிறது. செப்டம்பரில் தொடங்கிய அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லும் சூடுபிடிக்கிறது.

முதல் பட்டம்

அக்டோபர் 20 அன்று மின்னசோட்டா லின்க்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 67-62 என வீழ்த்தி, நியூயார்க் லிபர்ட்டி முதல்முறையாக டபிள்யூஎன்பிஏ கோப்பையை வென்றது. 1997இல் லீக் தொடங்கியதிலிருந்து விளையாடிவரும் இந்த அணி, முன்னர் ஐந்து முறை இறுதிச்சுற்றில் தோல்வியடைந்திருந்தது.

தந்தையும் மகனும்

அக்டோபர் 22 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்காக லெப்ரான் ஜேம்ஸும் (39) அவரது மகன் பிரானியும் (20) ஒன்றாகக் களமிறங்கினர். என்பிஏ வரலாற்றில் தந்தையும் மகனும் இணைந்து ஆடியது இதுவே முதல்முறை. பிரானி சில நிமிடங்களே ஆடினார். புள்ளி எதுவும் எடுக்கவில்லை. எனினும், 2023 ஜூலையில் பயிற்சியின்போது இதயத்துடிப்பு நின்று உயிர்பிழைத்தவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரே அடியில் வெற்றி

அக்டோபர் 25 அன்று பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 2-3 எனப் பின்தங்கியிருந்தது. மூன்று பேஸ்களிலும் வீரர்கள் நிற்க, ஃப்ரெடி ஃப்ரீமன் பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிட்டார். இவ்வாறு அடித்தால் மூவருடன் சேர்த்து அடித்தவரும் ஓட்டம் எடுப்பார். இது 'கிராண்ட் ஸ்லாம்' எனப்படும். நான்கு ஓட்டங்களும் சேர, நியூயார்க் யாங்கீஸ் அணி 6-3 எனத் தோற்றது. உலகத் தொடர் ஆட்டமொன்று கிராண்ட் ஸ்லாமுடன் முடிந்தது இதுவே முதல்முறை.

கணுக்கால் சுளுக்குடன் ஆடிய ஃப்ரீமன், சில மாதங்களுக்கு முன் தமது மூன்று வயது மகன் நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே பாதிப்பால் செயற்கைச் சுவாசத்தில் இருந்தபோது, போட்டிகளைத் தவிர்த்து அவன் அருகில் இருந்தார். சிறுவன் பின்னர் வீடு திரும்பினான்.

கடைசி வீச்சு

அக்டோபர் 27 அன்று என்எஃப்எல்லில் வாஷிங்டன் கமாண்டர்ஸ் 12-15 எனப் பின்தங்கியிருந்தது. நேரம் முடிந்த தருணத்தில் அறிமுக வீரர் ஜேடன் டேனியல்ஸ் எறிந்த பந்து எதிரணியினரின் கைகளில் பட்டுத் தெறிக்க, நோவா பிரவுன் அதைப் பிடித்தார். சிகாகோ பியர்ஸ் அணி 18-15 எனத் தோல்வியுற்றது.

2024 அக்டோபர் 28 நிலவரப்படி, உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் 2-0 என முன்னிலை வகித்தது. நான்கு வெற்றிகள் பெறும் அணிக்கே கோப்பை. மூன்றாவது ஆட்டம் இந்திய நேரப்படி செவ்வாய்க்கிழமை காலை நியூயார்க்கில் நடைபெற்றது.