கால்நடைச் செவிலியப் பணி

கால்நடைச் செவிலியம் என்பது நோயுற்ற அல்லது காயமடைந்த விலங்குகளைக் கால்நடை மருத்துவரின் வழிகாட்டலில் பராமரிக்கும் தொழில் ஆகும். காயத்துக்குக் கட்டுப் போடுதல், மருந்து கொடுத்தல், அறுவை அரங்கைத் தயார் செய்தல், மயக்க நிலையில் உள்ள விலங்கைக் கண்காணித்தல், வளர்ப்பவருக்கு வீட்டுப் பராமரிப்பைச் சொல்லிக் கொடுத்தல் ஆகியவை இதில் அடங்கும். பிரிட்டனில் இதற்குத் தனிப் படிப்பும் தனிப் பதிவேடும் உள்ளன. இந்தியாவில் வேலை உண்டு. அந்தப் பெயரில் தொழில் இல்லை.

இந்த வேறுபாட்டை வேலூரில் இருந்து பார்த்தால் நன்றாக விளங்கும். நகரின் பழைய கடைவீதியான லாங் பஜாரில் இருந்து சிறிது தூரத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உள்ளது. அங்கே செவிலியர் பயிற்சி 1909இல் தொடங்கியது. 1946இல் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு முதலில் தொடங்கிய இடங்களுள் அதுவும் ஒன்று. மனிதருக்கான செவிலியத்தில் முதுநிலை, முனைவர் பட்டம் வரை செல்ல இன்று வழி இருக்கிறது. அதே லாங் பஜாரில் வளரும் ஒரு மாணவி "நான் மாட்டுக்கும் நாய்க்கும் நர்ஸ் ஆக வேண்டும்" என்றால், அவளை அனுப்ப அதற்கு இணையான கல்லூரி தமிழ்நாட்டில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற மருத்துவரே சிகிச்சை அளிக்கலாம். அதன் 30ஆவது பிரிவு ஒரு விலக்கு தருகிறது. உரிய பட்டயமோ சான்றிதழோ பெற்ற உதவியாளர்கள், மாநில அரசு அனுமதித்தால், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் "சிறு கால்நடை மருத்துவச் சேவை" செய்யலாம். தடுப்பூசி போடுதல், ஆண்மை நீக்கம் செய்தல், புண்ணுக்குக் கட்டுதல் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சட்டமே குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் கால்நடை ஆய்வாளர்களும் கால்நடைப் பராமரிப்பு உதவியாளர்களும் செய்யும் பணி பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள் வருகிறது. செவிலியம் என்ற சொல் அங்கே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மயக்க மருந்துக் கண்காணிப்பு, உள்நோயாளிப் பராமரிப்பு, வலியை மதிப்பிடுதல் போன்றவை இந்த வரையறையில் பெயர் சொல்லப்படவில்லை.

படுத்த பசுவும் பராமரிப்பும்

இப்பணியின் மதிப்பை உணரப் பால் காய்ச்சல் ஒன்றே போதும். நிறையக் கறக்கும் கலப்பினப் பசு, கன்று ஈன்ற ஓரிரு நாளில் எழ முடியாமல் படுத்துவிடும். தலையை விலாப் பக்கம் வளைத்து வைத்திருக்கும், காது சில்லிட்டிருக்கும். காய்ச்சல் என்று பெயரே தவிர உடல் வெப்பம் கூடுவதில்லை, பெரும்பாலும் குறையும். இரத்தத்தில் கால்சியம் குறைவதே காரணம். மருத்துவர் கால்சியத்தை இரத்தக்குழாய் வழியாக மெதுவாக ஏற்றுவார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம் என்பதால் அப்போது ஒருவர் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மருத்துவர் போன பிறகுதான் செவிலியம் தொடங்குகிறது. பசு பக்கவாட்டில் சாய்ந்து படுத்தால் வயிற்றில் சேரும் வாயு ஏப்பமாக வெளியேறாது. வயிறு உப்பும், இரை மூச்சுக்குழாயில் போகும். ஆகவே வைக்கோல் மூட்டைகளை அண்டை கொடுத்து அதை நெஞ்சின் மேல் நிமிர்த்தி வைக்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடமும் வலமும் மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் அடியில் அழுந்தும் காலின் தசையும் நரம்பும் கெடும். வழுக்கும் சிமெண்ட் தரையில் மண்ணோ வைக்கோலோ பரப்ப வேண்டும். சரியான மருந்து கிடைத்தும் இவற்றைச் செய்ய ஆளில்லாமல் இழக்கப்படும் பசுக்கள் உண்டு. ஒரு பசுவின் பாலில் வட்டி கட்டும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பு அல்ல.

தோல் பகுதியில் இதன் தேவை

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகியவை தோல் பதனிடும் ஊர்கள். உண்ணிக் கடி, அம்மை வடு, சரியாக ஆறாத புண் ஆகியவை விலங்கு உயிரோடு இருக்கும்போது முடிக்குள் மறைந்திருக்கும். பதனிட்ட பிறகு தோலின் மேற்பரப்பில் தெரியும், விலை இறங்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து அடைப்பான் நோய். திடீரென இறந்த மாட்டின் மூக்கு, ஆசனவாய் வழியே உறையாத கரிய இரத்தம் கசிந்தால் அந்த உடலை அறுக்கவோ தோல் உரிக்கவோ கூடாது. உடல் திறக்கப்பட்டால் கிருமி காற்றுப்பட்டு விதைத்துகளாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும்; தோலிலும் ஒட்டிக்கொண்டு அதைக் கையாளும் தொழிலாளியைத் தாக்கும். தமிழ்நாட்டில் மனிதருக்கு ஏற்பட்ட அடைப்பான் நோயை வேலூர் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் பதிவு செய்துள்ளனர். அந்த உடலை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் மருத்துவராக இருப்பதில்லை.

ராணிப்பேட்டையில் 1932இல் இருந்து இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இப்பகுதியின் பெருமை. (கோழிகளைத் தாக்கும் ராணிக்கெட் நோய்க்கும் இவ்வூருக்கும் தொடர்பில்லை, அது உத்தராகண்டிலுள்ள ஊரின் பெயர்.) இந்தியாவில் வெக்கை நோயின் கடைசித் தாக்கம் 1995இல் தமிழ்நாட்டில்தான் பதிவானது, 2011இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மருந்தைத் தயாரித்தவர்களுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்குகூட, குளிர்ப்பெட்டியைச் சுமந்து ஊர் ஊராக ஊசி போட்ட உதவியாளர்களுக்குக் கிடைக்கவில்லை.

கற்பித்தலும் ஆராய்ச்சியும்

பிரிட்டனிலும் இத்தொழில் எளிதில் வளரவில்லை. அரச கால்நடை மருத்துவர் கல்லூரி 1961இல் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, "நர்ஸ்" என்ற பட்டம் மனிதச் செவிலியருக்கே உரியது என்பதால் "துணையாளர்" என்றே அழைத்தனர். 1984இல்தான் "கால்நடைச் செவிலியர்" என்ற பெயர் வந்தது. 2007இல் தொழில்முறைப் பதிவேடு வந்தது. இன்று அங்கே பட்டப்படிப்பும், செவிலியரே எழுதும் ஆய்விதழ்களும் உள்ளன. மயக்கத்தின்போது உடல் வெப்பம் குறைவதைத் தடுப்பது, மருத்துவமனையில் தொற்றுப் பரவாமல் காப்பது போன்றவை ஆய்வுக்குரிய பொருள்கள்.

தமிழ்நாட்டில் கற்பிக்கவோ ஆராயவோ விரும்புபவருக்கு இப்போதுள்ள நேர்வழி கால்நடை மருத்துவப் பட்டமே. 1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அதை வழங்குகிறது. படிப்பு, உள்ளிருப்புப் பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் முதுநிலை, முனைவர் பட்டம். மனிதச் செவிலியர் பட்டம் பெற்றவர் அதைக் கொண்டு கால்நடைப் பணிக்குப் பதிவு பெற முடியாது.

குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பில் சேர நினைப்பவர், பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இச்சான்றிதழ் 30ஆவது பிரிவின்கீழ் மாநில அரசால் ஏற்கப்பட்டதா? கால்நடை பராமரிப்புத் துறையின் எந்தப் பணிக்கு இது தகுதியாகும்? பயிற்சி எந்த மருத்துவமனையில், எந்தப் பதிவு பெற்ற மருத்துவரின் கீழ் நடக்கும்? தனியார் செல்லப்பிராணி மருத்துவமனைகள் இச்சான்றிதழ் இல்லாதவரையும் உதவியாளராக எடுத்துப் பழக்குவது உண்டு. எப்படிச் சேர்ந்தாலும் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. கன்றுகளுக்கான புருசெல்லா தடுப்பு மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால், ஊசி தன் கையில் குத்திவிட்டால் உடனே கழுவி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.