வலது வளைவு பயமுறுத்துகிறதா? கழுத்தைக் கவனியுங்கள்!

"இடது பக்க வளைவுன்னா எனக்கு அல்வா சாப்பிடற மாதிரி டாக்டர்... வலது பக்கம் வளைவு வந்தா மட்டும் வயித்தைக் கலக்குது!"

இப்படிச் சொன்னவர் ஐம்பதை நெருங்கும் ஓர் ஆசிரியர். வேலை கொல்லிமலையில். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். பல வருஷமாக பைக்கில் ஏறி இறங்கியவருக்கு நான்கைந்து மாதமாகத்தான் இந்தப் பயம்.

"போன வாரம் என்னையும் கூட்டிட்டுப் போனார் சார். வலது வளைவுல திரும்பாம நேரா போய், ஓரச் சுவர்கிட்ட நிறுத்தினார். அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை" என்றார் கூட வந்த அவர் மனைவி, கண் கலங்க.

பைக் ஓட்டும் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். சிலர் இடது வளைவு சுலபம் என்பார்கள், சிலர் வலது என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பவர்கள் குறைவு. ஏன் இந்த ஓரவஞ்சனை?

சாலை செய்யும் வேலை

நம் நாட்டில் சாலையின் இடது பக்கம் போகிறோம். அதனால் இடது வளைவில் நமக்குக் கிடைப்பது உள்வட்டம். இடம் குறுகல். ஓரத்தில் மணலும் ஜல்லியும் கிடக்கும். பாறை மறைத்தால் எதிரே வருவது தெரியாது. வேகம் கூடினால் வண்டி விலகி, எதிரே வருபவர் பாதைக்குள் நுழைந்துவிடும்.

வலது வளைவில் கிடைப்பது வெளிவட்டம். இடம் அதிகம், பார்வையும் சற்றுத் தூரம் எட்டும். ஆனால் வண்டி சாயும்போது நம் தலை எதிர் வண்டி வரும் பக்கம் நீள்கிறது. விலகினால் சாலையோரம்... மலையில் என்றால் பள்ளம்! ஆக, இரண்டிலும் ஒவ்வொரு ஆபத்து இருக்கிறது.

வண்டி செய்யும் வேலை

ஆக்ஸிலேட்டர் இருப்பது வலது கையில். மெதுவாகப் போய் வலது பக்கம் ஒடித்துத் திருப்பும்போது அந்தக் கை வயிற்றை நோக்கி மடங்கும். மணிக்கட்டு இறுகும். லேசாக முறுக்க நினைத்தால், கூடவே முறுக்கிவிடும்.

பைக்கில் பின் பிரேக் வலது காலில். எனவே சிக்னலில் நாம் ஊன்றுவது பெரும்பாலும் இடது காலைத்தான். ஏறி இறங்குவது இடது பக்கம், சைடு ஸ்டாண்டும் இடது பக்கம். 'இந்தப் பக்கம் சாய்ந்தால் கால் காப்பாற்றும்' என்று உடம்பு பழகிவிடுகிறது. வலது பக்கத்தின் மேல் அந்த நம்பிக்கை வருவதில்லை.

இன்னொன்றை மறந்துவிடுகிறோம். புடவை கட்டியவர்கள் பின்னால் ஒருபக்கமாக உட்காரும்போது இரண்டு கால்களும் இடது பக்கம் தொங்குகின்றன. பாரம் அந்தப் பக்கம் இழுக்கும். ஓட்டுபவர் தன்னை அறியாமல் வலது பக்கம் இடுப்பை வளைத்து ஈடுகட்டுவார். தினமும் இப்படிப் போனால் இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்?

உடம்பு செய்யும் வேலை

வண்டி போவது கண் பார்க்கும் திசையில். இது வண்டி ஓட்டுபவர்களின் பாலபாடம். கொண்டை ஊசி வளைவில் கண், சக்கரத்துக்கு முன்னால் உள்ள தரையைப் பார்த்தால் போதாது. வளைவு முடியும் இடத்தைத் தேட வேண்டும். அதற்குக் கழுத்து நன்றாகத் திரும்ப வேண்டும்.

ஆசிரியரை நாற்காலியில் உட்கார வைத்து, "தோளைத் திருப்பாமல் முகத்தை மட்டும் திருப்புங்கள்" என்றேன். இடது பக்கம் தாடை ஏறக்குறையத் தோளுக்கு நேராகப் போனது. வலது பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது! அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

கழுத்து திரும்பாததால் கண் எதிரே இருந்த ஓரச் சுவரையே பார்த்தது. வண்டியும் அங்கேயே போனது. பயம் மனதில் தோன்றியது உண்மை. ஆனால் அதற்கு வேர் கழுத்தில் இருந்தது.

கழுத்து எலும்புத் தேய்மானத்தைச் சித்த மருத்துவத்தில் 'சகன வாதம்' என்போம். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். எலும்பு மருத்துவரும் பார்த்து, நரம்பு அழுத்தம் இல்லை என்று உறுதி செய்த பிறகே சிகிச்சையைத் தொடங்கினேன். உளுந்துத் தைலம் பூசி மென்மையான தொக்கணம், நொச்சி இலை ஒற்றடம், நாளுக்கு இரண்டு வேளை கழுத்தை மெல்லத் திருப்பும் பயிற்சி. கழுத்து சரியாகும்வரை மலைக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார், ஆனால் கேட்டார்.

இரண்டு மாதத்தில் கழுத்து பெருமளவு திரும்பியது. பிறகு காலி மைதானத்தில் மெதுவாக வலது வட்டம் போட்டுப் பழகச் சொன்னேன். உடம்பு சரியானாலும் பழைய பயம் உடனே விட்டுப் போவதில்லை அல்லவா?

வீட்டிலேயே பாருங்கள்

* நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கழுத்தை இரு பக்கமும் திருப்புங்கள். வித்தியாசம் இருக்கிறதா?
* ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணில் புரை வளர்ந்தாலும் மற்றக் கண் சமாளிப்பதால் தெரியாது. கண் நீர் அழுத்த நோய் வலியில்லாமலே பக்கப் பார்வையைத் திருடும். நாற்பதைத் தாண்டியவர்கள் கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.
* சுவரைப் பிடிக்கும் தூரத்தில், ஒற்றைக் காலில் நில்லுங்கள். ஒரு கால் மட்டும் தள்ளாடினால் கவனியுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை 'மடக்' என்று நெட்டி முறிக்க விடாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் கழுத்து எலும்புகளின் ஊடே போகிறது. அது கிழிந்தால் பக்கவாதமே வரலாம். சளி, அரிப்புக்கான சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். அவற்றைச் சாப்பிட்டுவிட்டு வண்டியைத் தொடாதீர்கள்.

திடீரென்று ஒரு பக்கம் கை கால் பலவீனம், மரத்துப் போதல், வாய் கோணல், பேச்சுக் குழறல், தலைசுற்றல் வந்தால் தைலம் தேடாதீர்கள். என்னிடமும் வராதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்! அங்கே ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

சமீபத்தில் ஆசிரியர் தம்பதி வந்தார்கள். அந்த அம்மா சுடிதாரில், தலையில் ஹெல்மெட்டோடு இறங்கினார். "இப்ப ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார்றேன் சார். வண்டி ஆடறதே இல்லை. வலது வளைவு வந்தா நானும் அவரோட சேர்ந்து திரும்பிப் பார்க்கிறேன்!" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டுக்காரரோ மகனோ "அந்தப் பக்கம் திருப்பறதுதான் கஷ்டம்" என்று புதிதாகச் சொன்னால், கேலி செய்யாமல் கழுத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். உடம்பு கொடுக்கும் முதல் தகவல் அதுவாக இருக்கலாம்.