முகப்பு மேசையில் கேட்க வேண்டியது

அமெரிக்காவில் ஓரளவு பெரிய ஊர் எதுவானாலும், இல்லாதவர்களுக்கு மளிகை கொடுக்கும் இடம் ஒன்று இருக்கும். வீடில்லாதவர்கள் தங்க ஓர் இல்லம், இலவச சட்ட உதவி, குழந்தைகள் காப்பகம், தேவாலயத்தின் ஆலோசனை அறை என்று இன்னும் சில இருக்கும். இவற்றுக்கும் ராணுவத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் ராணுவத்திலிருந்து வெளியே வந்த பெண்கள் பலர், கஷ்டம் வரும்போது முதலில் வந்து நிற்பது இங்கேதான். இங்கே இருப்பவர்கள் அவர்களுக்கு என்ன செய்ய முடியும்? டீயை ஊற்றிக்கொண்டு மெதுவாகவே பார்ப்போம்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். அந்நாட்டில் இன்று சுமார் 20 லட்சம் பெண்கள் முன்னாள் படைவீரர்கள். செவிலியர் பிரிவுக்கு வெளியே பெண்கள் ராணுவத்தில் நிரந்தரமாக இருக்க வழி செய்தது, 1948 ஜூன் 12 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம். போர்முனைப் பணிகள் அனைத்தும் பெண்களுக்குத் திறக்கப்படும் என்ற அறிவிப்பு வர 2015 டிசம்பர் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் கணக்கு எழுதினார்கள், ரேடார் பார்த்தார்கள், விமானம் பழுது பார்த்தார்கள். இராக்கில் சாலையோரக் குண்டுகளுக்கு நடுவே லாரி ஓட்டினார்கள். அப்போதும் காகிதத்தில் அது போர்முனைப் பணி அல்ல.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம் வருகிறது. முன்னாள் படைவீரர் என்றால் துப்பாக்கி பிடித்துப் போரிட்டவர், அதுவும் ஓர் ஆண் என்று நம் மனம் தானாகவே நினைத்துக்கொள்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முழுநேரப் படைப்பணியில் இருந்து, அவமதிப்புடன் வெளியேற்றப்படாமல் வந்தவர் பொதுவாக முன்னாள் படைவீரர்தான். போர்க்களத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணே அப்படி நம்பவில்லை என்பதுதான் சிக்கல். ‘நான் கிடங்கில் சாமான் எண்ணிக்கொண்டிருந்தவள்தானே’ என்று நினைக்கிறார். படிவத்தில் ‘நீங்கள் முன்னாள் படைவீரரா?’ என்று இருந்தால், ‘இல்லை’ என்று குறித்துவிட்டுப் போகிறார். அது பொய் இல்லை; அந்தத் தகுதி தனக்கு இல்லை என்று மனமார நம்புகிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோ, கூட வந்த கணவரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறார்.

இந்த நினைப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறையே சாட்சி. லிங்கன் 1865இல் ஆற்றிய உரையிலிருந்து எடுத்த, ஆணை மட்டுமே குறிக்கும் வாசகத்தைத்தான் அது பல பத்தாண்டுகள் தன் குறிக்கோளாக வைத்திருந்தது. பெண்களையும் உள்ளடக்கும் வாசகமாக அது மாறியது 2023இல்தான்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். ‘நீங்கள் எப்போதாவது ராணுவத்திலோ, ரிசர்வ் படையிலோ, நேஷனல் கார்டிலோ பணியாற்றியதுண்டா?’ இது பட்டத்தைப் பற்றிய கேள்வி அல்ல, நடந்ததைப் பற்றியது. வருகிற எல்லோரிடமும் கேட்கலாம். தங்குமிட விஷயத்திலும் இதே வழிதான். நண்பர் வீட்டு சோபாவில் குழந்தைகளோடு படுத்து எழும் பெண் தன்னை வீடற்றவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். ‘நேற்று ராத்திரி எங்கே தூங்கினீர்கள்?’ என்றால் சொல்வார். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு வாடகை உதவி செய்வதற்காகத் தொண்டு நிறுவனங்களுக்கு நலத்துறையே பணம் தருகிறது.

சரி, ‘ஆமாம், இருந்தேன்’ என்றுவிட்டார். அடுத்தது காகிதம். டிடி-214 என்றொரு சான்று உண்டு. பள்ளிக்கூடத்தில் டி.சி. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு காலம் இருந்தார், எப்படி வெளியே வந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும், அது இல்லாமல் அடுத்த வாசல் லேசில் திறக்காது. தொலைந்திருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பித்து நகல் வாங்கலாம். தனக்கு நடந்த கொடுமையைப் புகார் செய்த பிறகு கெட்ட பெயரோடு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. அந்தக் குறிப்பைத் திருத்தக் கோரலாம். சட்ட உதவி மையங்கள் கையில் எடுக்க வேண்டிய மிகப் பெரிய வேலை இது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கொடுமையைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். நலத்துறை மருத்துவர்கள் கேட்கும்போது, ராணுவத்தில் பாலியல் வன்கொடுமையையோ துன்புறுத்தலையோ சந்தித்ததாக மூன்றில் ஒரு பெண் சொல்கிறார். அதன் பாதிப்புகளுக்கான சிகிச்சை இலவசம். அன்றே புகார் செய்திருக்க வேண்டியதில்லை, ஆதாரமும் வேண்டாம். இது தெரியாமலே ஆண்டுக்கணக்கில் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காக மளிகை வாங்க வந்தவரிடம் ‘உங்களுக்கும் நடந்ததா?’ என்று கேட்கக் கூடாது. இப்படி ஓர் உதவி இருக்கிறது என்று பணியாற்றிய எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லி வைத்தால் போதும். ஆண்கள் நிறைந்த மருத்துவமனைக் கூடத்தில் காத்திருக்கவே சிலரால் முடியாது. அவர்களுக்கு வெட் சென்டர் எனப்படும் சிறிய ஆலோசனை மையங்கள் 1979 முதல் ஊருக்குள்ளேயே, மருத்துவமனைகளிலிருந்து தனியாக இயங்குகின்றன.

கடைசியாக, ஒப்படைப்பது. நலத்துறையின் ஒவ்வொரு மருத்துவ மையத்திலும் பெண்களுக்கென்றே ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். அவருடைய எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது பைக்குள்ளேயே கிடக்கும். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு நாமே எண்ணைச் சுழற்றி, பேசி, நாள் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த நாளில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடலாம். கூடவே, வீட்டு போனுக்குத் தகவல் சொல்லலாமா, கூடாதா என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த போனை எடுப்பவர் யாராக இருப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும்.